பாசத்துக்கு ஏன் பத்திரம்?

“பொம்பளப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு அனுப்பியாச்சு.” தமிழகக் குடும்பங்கள் பலவற்றில் மகளின் சொத்துரிமை இந்த ஒரு வரியோடு முடிந்துபோகிறது. நகை, பாத்திரம், பிரசவச் செலவு, தாய்மாமன் சீர் எல்லாம் கணக்கில் ஏறும். மகனின் கல்லூரிக் கட்டணமும் அவன் கடை வைக்கக் கொடுத்த முதலும் ஏறாது. அவனுக்குக் கொடுத்தால் உரிமை, அவளுக்குக் கொடுத்தால் செலவு.

பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்றது தமிழ்நாடு. ஆனால் அதற்கு முன்பே மணமான மகள்களை விலக்கியது. கட்டிக்கொடுத்த பெண் அடுத்த வீட்டுக்காரி என்ற வழக்கத்துக்குச் சட்டமே தலையாட்டியது. மத்திய அரசின் 2005 திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. இந்த உரிமை பிறப்பிலேயே வருகிறது, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வழக்கம் அத்தோடு ஒழியவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் குடிபெயர்ந்தது. வாரிசுச் சான்றிதழில் மகள் பெயர் இருப்பதால் சொத்தை விற்க அவள் கையெழுத்து தேவைப்படுகிறது. அதற்குத்தான் விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகையும் உண்டு. கையெழுத்துப் போட மறுப்பவளிடம், “அண்ணன் தம்பி உறவு வேண்டாமா? நாளைக்கு ஒன்று என்றால் எந்த வாசலுக்கு வருவாய்?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியிலேயே மோசடி இருக்கிறது. கணவன் அடித்துத் துரத்தினால் திரும்பி வர ஒரு வாசல் வேண்டும் என்றுதான் அவள் பங்கை விடுகிறாள். விட்ட பிறகு அந்த வாசல் அண்ணனுடையது. அவன் திறந்தால்தான் உண்டு.

பெற்றோர்களே, தானே சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குள்ள பங்கு நீங்கள் போடும் பிச்சையல்ல. பிள்ளையின் உரிமையைப் பெற்றவர்களின் தயவாக மாற்றுவதுதான் வழக்கத்தின் வேலை.

தோழிகளே, யாரும் நீட்டியதும் கையெழுத்துப் போடாதீர்கள். பத்திரத்தை முழுதாகப் படியுங்கள், சொத்து விவரம் கேளுங்கள், வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பங்கு கேட்டதால் அறுந்துபோகும் பாசம், கேட்காமல் இருந்தாலும் உங்களைக் காப்பாற்றாது.