விட்டு விட்டு இழுவை குறையும் டிராக்டர்

கேள்வி: என்னுடைய பழைய டிராக்டர் முக்கால் மணி நேரம் நன்றாக உழுகிறது. பிறகு ஆக்ஸிலேட்டரை எவ்வளவு கொடுத்தாலும் வேகம் எடுப்பதில்லை. பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் சரியாகிறது. டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். என்ன செய்யலாம்?
- வாசகர், மணப்பாறை

பதில்: பம்பில் இப்போது கை வைக்க வேண்டாம். சிறிது ஓய்வில் சரியாகிறது என்றால் முதலில் டீசல் வரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த முறை சோரும்போது புகையைக் கவனியுங்கள். கரும்புகை தள்ளினால் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை. ஏர் கிளீனரைக் கழுவி, அதிலுள்ள ஆயிலை மாற்றுங்கள். புகையே இல்லாமல் சோர்ந்தால் உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, இன்ஜின் தெளிந்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. புழுதியில் ஓட்டினால் இது சகஜம். ஓர் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் போதும். (மூடியை எறிந்துவிட்டுத் துணியைத் திணித்து ஓட்டுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம்.)

அப்படியும் மாறாவிட்டால், டேங்கின் அடியில் துருச்செதில் கிடக்கலாம். ஓடும்போது டீசல் வெளியேறும் வாயை அடைக்கும், நிறுத்தினால் விலகிவிடும். டேங்கை வடித்துக் கழுவுங்கள். டீசல் ஃபில்டர்களை மாற்றி, குழாயிலுள்ள காற்றை முழுவதும் எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சூடேறியதும் சோர்ந்தால் பம்பைப் பார்க்கலாம். அப்போதும் மரத்தடியில் வைத்துப் பிரிக்க விடாதீர்கள். டெஸ்ட் பெஞ்ச் உள்ள பட்டறைக்கே கொண்டுபோங்கள்.