பெற்றோரின் வருமானம் எவ்வளவு என்று கேட்கிறார்கள்!

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து கைக்குழந்தைகளாய்த் தூக்கிவரப்பட்டவர்கள் இன்று பல்கலைக்கழக வாயிலில் நிற்கும் பருவத்தை எய்திவிட்டனர். 2007 இல் பிறந்த பிள்ளைக்கு 2025 இல் 18 வயது நிறைந்தது. பெற்றோரை இழந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் சிறுவர் இல்லங்களில் உண்டு உறங்கிப் படித்து, உயர்தரப் பரீட்சையில் தேறிவரும் பிள்ளைகளின் கையில் அரசாங்கம் ஒரு படிவத்தைக் கொடுக்கிறது. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் உதவிப்பணத்துக்கும் உரிய படிவம் அது. அதில் கேட்கப்படுவது யாது? தந்தையின் தொழில் என்ன? தாயின் தொழில் என்ன? அவர்களின் ஆண்டு வருமானம் எவ்வளவு? கிராம அலுவலரும் பிரதேச செயலாளரும் அதனை உறுதிப்படுத்த வேண்டுமாம்!

தந்தை இறந்துவிட்டார் என்றால் இறப்புச் சான்றிதழைக் கொண்டுவரட்டும் என்பார்கள். காணாமல் ஆக்கப்பட்ட தந்தைக்கு எந்தச் சான்றிதழைக் கொண்டுவருவது? 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இறப்புச் சான்றிதழ் பெற வழி வைத்தது. 2016 ஆம் ஆண்டின் திருத்தம் காணாமற் போனமைக்குச் சான்றிதழ் தர வழி வைத்தது. சட்டப் புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் அமர்ந்த தாய்மார் கேட்டது சான்றிதழையா? உண்மையை அல்லவா கேட்டார்கள்! உண்மை வெளிவருமுன் தகப்பன் இறந்தான் என்று ஒப்புக்கொள்ள முதியோரே மறுத்து நிற்கையில், மாதம் சில ஆயிரம் ரூபாவுக்காக 19 வயதுப் பிள்ளை தனியே போய் அதில் கையொப்பமிட வேண்டுமா?

தாயோ தந்தையோ உயிருடன் இருந்தும் வறுமையால் இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகளும் பலர். எங்கோ மறுமணம் செய்து வாழும் தகப்பனின் சம்பளம் இப்பிள்ளையின் பெயரில் எழுதப்படும். அதிலிருந்து ஒரு சதமும் இப்பிள்ளைக்கு வராது.

1945 முதல் கல்வி இலவசம், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்போர் உளர். கன்னங்கராவின் அத்திட்டத்தின் பெருமையை நாம் குறைத்துரைப்பவரல்லர். விரிவுரை இலவசந்தான், சோறு இலவசமன்று. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவிப்பணம் 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. நன்று. ஆனால் அந்த முதற்பணம் கைக்கு வந்து சேர மாதங்கள் செல்லும். அதுவரை மற்றைய மாணவனுக்குத் தாயின் சங்கிலி அடகு போகும். மாமன் கைமாற்றுத் தருவார். பேராதனைக்கோ மாத்தறைக்கோ அனுமதி கிடைத்த இல்லத்துப் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணத்தையும் பாயையும் தலையணையையும் யார் கொடுப்பது?

விடுமுறை வருகிறது, விடுதியைப் பூட்டுகிறார்கள். எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். இவள் எங்கே போவாள்? 18 வயதோடு இல்லத்தின் பதிவேட்டிலிருந்து அவள் பெயர் நீங்கிவிட்டது. மனம் பொறாது மறுபடியும் சேர்த்துக்கொள்ளும் இல்லத்தார் வன்னியில் இருக்கிறார்கள். அவர்களை நாம் கைகூப்பி வணங்குகிறோம். ஆயினும் ஒருவரின் இரக்கத்தில் தங்கி நிற்பது உரிமை ஆகாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் சொல்வதென்ன? 18 வயதைக் கடந்து 25 வயதை எட்டாத பிள்ளை தன்னைத் தானே பராமரிக்க இயலாதிருந்து, வசதியுள்ள பெற்றோர் கைவிட்டால், தாபரிப்புப் பணம் செலுத்துமாறு நீதவான் கட்டளையிடலாம். ஏழைக் கமக்காரனையும் கூலித் தொழிலாளியையும் இச்சட்டத்தின் கீழ்க் கூண்டில் ஏற்றும் அரசு, தானே பெற்றோரின் இடத்தை ஏற்றுக்கொண்ட பிள்ளைகளை 18 வயதில் வாயிலுக்கு வெளியே விடுகிறது. ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா?

அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை எல்லா மட்டங்களிலும் கல்வி பெறச் சம வாய்ப்பை உறுதிசெய்வதாகப் பேசுகிறது. அதை வைத்து வழக்காட முடியாது என்று 29 ஆம் உறுப்புரையை நீட்டுவார்கள், நாமும் அறிவோம். ஆகவே 12 ஆம் உறுப்புரையையே நாம் பிடிக்கிறோம். சமமற்றோரைச் சமமாக நடத்துவதும் சமத்துவ மீறலே என்பது சட்ட மாணவன் முதலாண்டிலேயே கற்கும் பாடம்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டுவிட்டன. அமெரிக்காவில் 13 வயதின் பின் எப்போதேனும் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த மாணவரிடம் கூட்டாட்சி உதவிப் படிவம் பெற்றோர் வருமானத்தைக் கேட்பதில்லை. இங்கிலாந்தில் இத்தகைய மாணவருக்கு உயர்கல்விக்கென 2,000 பவுண் கொடுப்பதும், விடுமுறையில் தங்க இடமளிப்பதும் உள்ளூராட்சி மன்றங்களின் கடமை.

இங்கே புதிய சட்டமும் வேண்டியதில்லை. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்கள ஆணையாளரின் கடிதமே வருமானச் சான்றாகும் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் மகாபொல நம்பிக்கை நிதியமும் ஒரு சுற்றறிக்கை விடட்டும். பதிவு செய்த மாதத்திலேயே முதற்பணம் வழங்கப்படட்டும். திணைக்களம் மாகாணத்தின் கையில் இருக்கிறது; 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்த பின், மக்கள் தெரிவின்றி ஆளுநர்கள் மாகாணத்தை நடத்தி வந்திருக்கிறார்கள். விடுமுறைக்கு இல்லத்துக் கதவைத் திறந்து வைக்கும்படி கட்டளையிட ஆளுநருக்கு எவரின் அனுமதி வேண்டும்?

அடுத்த பல்கலைக்கழக அனுமதிக்கு முன் இது நடவாவிடின் உயர் நீதிமன்றம் செல்வோம். இல்லங்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: நிராகரிக்கப்பட்ட படிவத்தையும் திருப்பியனுப்பிய கடிதத்தையும் வீசிவிடாதீர்கள். கிடைத்த திகதியைக் குறித்து வைத்து, உடனே நம்மிடம் கொண்டுவாருங்கள். 126 ஆம் உறுப்புரையின் கீழ் மனுச் செய்ய நமக்குள்ளது ஒரே ஒரு மாதம்.