அயலான் களஞ்சியத்தில் தமிழன் விதைநெல்

‘மேகக்கணிமை’ என்று எழுதாதீர், மேகம் வடசொல், ‘முகிற்கணிமை’ என்று எழுதுக எனத் தனித்தமிழ் அன்பர் பலர் இடித்துரைத்து வருகின்றனர். நன்று! சொற்றூய்மை வேண்டற்பாலதே. ஆயின், அச்சொல்லாராய்ச்சிக் கட்டுரையை அவர்கள் வைத்திருக்கும் இடம் எது? கூகுள் நிறுமத்தின் வைப்பகம்! பெயரைத் தமிழாக்கிவிட்டுப் பொருளை அயலானிடம் ஒப்படைப்பது எவ்வகைத் தமிழ்ப்பற்றோ?

விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே வளவனூர் உள்ளது. வளவன் என்பது சோழர்க்குரிய பெயர். அவ்வூர்த் தமிழன்பர் ஒருவர் பழைய இதழொன்றைப் படமெடுத்து அடுத்த தெருவிலுள்ள நண்பர்க்கு அனுப்பினால், அஃது அமெரிக்க நிறுமத்தின் வழங்கிக்குப் போய் மீண்டே அவரை அடைகின்றது. அவ்வழங்கி மும்பையிலேயே இருந்தாலும் என்ன? தன் நாட்டு நிறுமம் எங்கு வைத்திருக்கும் தரவையும் கேட்டுப் பெற அமெரிக்கா 2018-இலேயே சட்டம் இயற்றிக்கொண்டது.

‘நம்மை யார் தடுக்கப் போகின்றார்?’ என்பார்க்கு 2025 சூலையில் விடை கிடைத்தது. குசராத்தின் வாடினாரில் எண்ணெய்த் துப்புரவாலை நடத்தும் நயாரா நிறுமத்தின்மேல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்குரோசாப்ட்டு அந்நிறுமத்தின் மின்னஞ்சல் முதலியவற்றை அடைத்தது. பணம் கட்டியவர்க்கே தம் கோப்பு எட்டாமற் போயிற்று! தில்லி உயர்முறைமன்றத்தை நாடிய பின்னரே கதவு திறந்தது. எண்ணெய் முதலாளிக்கே இந்நிலையெனின், விலையின்றி இடம் பெற்ற சிற்றூர்த் தமிழ்மன்றம் எம்மன்றம் ஏறும்?

மாற்று இல்லாமலில்லை. பத்தாண்டுப் பழங்கணினி ஒன்றும், புதிய வன்தட்டு இரண்டும் போதும். அதில் தெபியன் போன்ற லினக்சு இயங்குதளத்தை நிறுவுக. ஒரே கட்டடத்திற்குள் பகிர்வதாயின், 1992-இல் ஆத்திரேலியர் ஆண்ட்ரூ டிரிட்செல் வெளியிட்ட ‘சம்பா’ மென்பொருள் போதும். (நம் சம்பா நெல்லுக்கும் இதற்கும் உறவில்லை, வேர்ச்சொல் காண முனைவோர் பொறுத்தருள்க!) அமைப்புக் கோப்பில் பகிரவேண்டிய அடைவைச் சில வரிகளிற் குறித்து, ஒவ்வொருவர்க்கும் கடவுச்சொல் வகுத்தால் வேலை முடிந்தது. வெளியூரார்க்கும் திறப்பதாயின், 2016-இல் செருமனியில் தோன்றிய ‘நெக்சுட்கிளவுடு’ வேண்டும். அதற்கு இணைய வழங்கி, தரவுத்தளம், நிலையான இணைய முகவரி, குறியாக்கச் சான்று ஆகியவை தேவை. சற்றே உழைப்புத்தான். செருமனியின் சிலெசுவிக்-ஓல்சுட்டைன் மாநில அரசு 30,000 அரசுக் கணினிகளை மைக்குரோசாப்ட்டின் பிடியினின்று விடுவிக்க 2024-இல் முடிவு செய்து, கோப்புப் பகிர்வுக்கு இதனையே கொண்டது. ஓர் அரசு சுமக்கும் சுமையில் ஓர் ஊர்மன்றத்தின் பங்கு எவ்வளவு?

லினக்சும் அயலார் படைப்பன்றோ என வினவுவர். ஆம், 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டு தொடங்கியது. ஆயின் அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். கூகுளின் திரையில் எத்தமிழ்ச் சொல் தோன்றவேண்டும் என்பதைக் கூகுள் முடிவு செய்கின்றது. நெக்சுட்கிளவுடின் திரையிலோ ‘மேகம்’ என்றிருப்பின், நீக்கி ‘முகில்’ என்றெழுதத் தமிழர்க்கு உரிமையுண்டு. சொற்போர் தொடுப்போர் இக்களத்தை ஏன் விட்டுவைத்தனர்?

கற்பிப்பார் இல்லையென்பதும் பொய்ச்சாக்கு. வளவனூரின் மேற்கே, கூப்பிடு தொலைவிலன்றோ விழுப்புரம்! அங்குள்ள குனு/லினக்சு பயனர் குழு சிற்றூர் மாணவர்க்கு இக்கலையைக் கற்பித்து வருகின்றது. தமிழ்மன்றத்தார் அவ்விளைஞரிடம் சென்று அமர்ந்து கற்க நாணுவதேன்?

வீட்டுக் கணினியும் பழுதாகும், மின்னாற்றல் அறும், வன்தட்டு ஒருநாள் நின்றேபோகும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பராயின. ஆகவே ஒரு படி வளவனூரிலும், மறுபடி திண்டிவனத்து அன்பர் வீட்டிலும் இருத்தல் வேண்டும். இரண்டு கணினிகளும் இரவுதோறும் தம்முள் ஒத்துப் பார்த்துக்கொள்ளும்படி அமைப்பது, கற்ற மாணவன் ஒருவனுக்கு ஒரு மாலை வேலை.