க்யூட் மதிப்பெண் குறைந்தாலும் கல்லூரிக் கதவு திறக்கும், ஆனால் தாமதமாக

புதுதில்லி: மத்தியப் பல்கலைக்கழக இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) 2022-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டபின், பெரும்பாலும் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படைத் தகுதியாக மட்டுமே கருதப்படுகிறது. பள்ளியில் சிறந்து விளங்கிய மாணவரும் இத்தேர்வில் சறுக்கினால் விரும்பிய இடத்தை இழக்க நேரிடுகிறது.

மறுபுறம், பல சுற்றுச் சேர்க்கைக்குப் பிறகும் சில பல்கலைக்கழகங்களில் இடங்கள் காலியாகவே இருந்தன. இந்த முரணைக் களைய, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2024 ஆகஸ்டில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. க்யூட் அடிப்படையிலான சேர்க்கை முடிந்தும் நிரம்பாத இடங்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தனித்தேர்வு நடத்தலாம் அல்லது பிளஸ் 2 மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களைச் சேர்க்கலாம் என்று அதில் தெரிவிக்கப்பட்டது. இடஒதுக்கீடு இதற்கும் பொருந்தும்.

எனினும், இந்த வாய்ப்பு இறுதிக் கட்டத்திலேயே கிடைக்கிறது. எந்தப் படிப்பில் இடம் எஞ்சும் என்பதை முன்கூட்டியே கூற இயலாது. அதுவரை காத்திருந்து ஓராண்டை இழக்கத் துணியாத எளிய குடும்பங்கள், கிடைத்த கல்லூரியில் கட்டணம் செலுத்திவிடுகின்றன. மதிப்பெண் குறைந்தவர்களிலும் காத்திருக்க வசதி உள்ளவருக்கே இச்சலுகை கூடுதலாகப் பயன்படும்.

நுழைவுத் தேர்வின்றிச் சேர இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ), தில்லி பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பள்ளி ஆகியவை உள்ளன. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு இணையானவை என யுஜிசி 2022-இல் அறிவித்துள்ளது.

காலியிட விவரங்களை முன்னதாகவே வெளியிட்டால் மட்டுமே, இரண்டாவது வாய்ப்பு அனைவருக்கும் உரியதாகும்.