கோழி வளர்க்கச் சொல்வோரே, காணி எங்கே?

"வீட்டில் கோழி வளருங்கள், முட்டை விற்று முன்னேறுங்கள்" என்று மலையகத் தொழிலாளிக்கு உபதேசம் செய்வோர் பெருகிவிட்டனர். உபதேசம் நன்று. கூட்டை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் விடை காணோம்!

தேவையை நாம் மறுக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வின்படி, நாடெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 100க்கு 17 பேர் வளர்ச்சி குன்றியோர். தோட்டப்புறத்திலோ 32 பேர்! நாலைந்து நாட்டுப் பெட்டைகள் இருந்தால் பிள்ளைக்கு முட்டை உண்டு. மிஞ்சியதை அயலாருக்கு விற்கலாம். எரு கீரைப்பாத்திக்கு ஆகும்.

ஆயின், ஹற்றனிலும் நுவரெலியாவிலும் லயத்து மக்களுக்கு வாசலும் சொந்தமன்று, கொல்லையும் சொந்தமன்று. மலைக் குளிரையும் அடைமழையையும் தாங்கும் கூட்டுக்குப் பலகையும் தகரமும் வேண்டும். நாளை அகற்றச் சொன்னால் அகற்ற வேண்டிய இடத்தில் எவர் பணத்தை முடக்குவார்?

1948 இல் இம்மக்களின் குடியுரிமை பறிபோயிற்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. எசமானர் மாறினர்; லயம் மாறியதா? அண்மைக் காலத்தில் தனிவீட்டோடு ஏழு பேர்ச் காணி பெற்றோர் சிலரே.

2023 இல் இந்நாடு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. தேயிலையால் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவள், ஒரு முட்டைக்குக் கடை வாசலில் கணக்குப் பார்த்து நின்றாள்!

படித்தோரே, உழவர்களே! நிலத்தின் அருமையை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? நம்மோடு சேர்ந்து கேளுங்கள்: குஞ்சு வழங்கிப் படம் பிடித்தது போதும். காணியை உறுதியோடு வழங்குங்கள். கோழியை எம் மக்கள் தாமே வளர்த்துக்கொள்வர்!