ஆமை கரையேறும் இரவு



பாடசாலை விடுமுறையில் தெற்குக் கரையோரம் சுற்றுலா போகும் குடும்பங்கள் பல. இம்முறை தங்காலைக்கு அருகே ரேகவ கடற்கரைக்கும் ஓர் இரவு பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள்.

உலகின் 7 வகைக் கடலாமைகளில் 5 வகை இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. ரேகவவுக்கு அதிகம் வருவது பச்சை ஆமை. தாய் இருளில் ஊர்ந்து வந்து, பின்கால்களால் குழி தோண்டி, ஏறக்குறைய 100 முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. சுமார் 2 மாதங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன.

இரவில் கடற்பக்கமே சற்று வெளிச்சமாகத் தெரியும். குஞ்சுகள் அதைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. நாம் டோர்ச் அடித்தால் அவை வழிதவறி மடியும்; தாயோ முட்டையிடாமலே திரும்பிவிடும். பிரசவ அறைக்குள் கூட்டமாகப் புகுந்து விளக்கடிப்போமா? ஆகவே, வழிகாட்டி அழைக்கும் வரை தூரத்தில் மௌனமாக நில்லுங்கள்.

தொட்டியில் குஞ்சுகளைக் காட்டும் இடங்களில், அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் படம் பிடிக்காதீர்கள். ஆழ்கடல் வரை நீந்துவதற்கான வலு அந்தத் தொட்டியிலேயே தீர்ந்துவிடும்.

முட்டையை எடுப்பதும் உண்பதும் சட்டப்படி குற்றம். மண்ணுக்குள் அந்தத் தாய் விட்டுச் செல்வது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.