தமிழர் இல்லத்தில் அயல்மீன்!

பாண்டியர் கயல் பொறித்த கொடியை உயர்த்தினர். அவர்தம் நாட்டு மக்கள் இன்று கூடத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்துள்ளனர். அத்தொட்டியில் சீனத்துப் பொன்மீன் உண்டு. அமேசான் ஆற்று ஏஞ்சல் மீன் உண்டு. நல்லூழ் தருமென்று நம்பிப் பல்லாயிரம் உருவா கொட்டி வாங்கிய அரோவனாவும் உண்டு. கயல் மட்டும் இல்லை! 'கோல்டு பிசு' என்றும் 'கப்பி' என்றும் மழலையில் மிழற்றும் குழந்தையை ஊர்க்குளத்தங்கரைக்கு அழைத்துச் சென்று, நீருக்குள் மின்னி மறைவது எம்மீன் என வினவினால், 'ஏதோ மீன்' என்கிறது. பெற்றோரை வினவினாலும் அதே விடைதான். பன்னூறு தலைமுறையினர் ஈட்டிய அறிவு, 'ஏதோ' என்னும் ஒரு சொல்லில் முடிந்து போயிற்று!

மின்னுவது மீன். வானில் மின்னுவது விண்மீன். இச்சொல்லை வடமொழியும் தமிழிய மொழிகளினின்று கடன்கொண்டது என்பதை பரோ போன்ற மேலை மொழியறிஞரும் ஒப்பினர். வடமொழிக்கே மீனுக்குச் சொல் ஈந்த இனம், தன் ஆற்றில் நீந்தும் மீனுக்கு அயலார் வாயினின்று பெயர் வாங்கி நிற்பது என்னே இழிவு!

வங்காளத்தைப் பாருங்கள். கங்கை ஆற்று மீன்களைப் பற்றி 1822-இல் ஆமில்டன் நூல் எழுதியபோது, மக்கள் வழங்கிய பெயர்களையே அறிவியற் பெயர்களாக்கினார். கட்லா, மிரிகால், மோலா என்னும் நாட்டுப் பெயர்கள் உலக அறிவியலேட்டில் ஏறின. தெற்கே நடந்தது யாது? சேரநாட்டு மக்கள் செங்கணியான் என வழங்கிய அழகிய மீனுக்கு, 1865-இல் பிரான்சிசு தே, அன்று சென்னை ஆளுநராயிருந்த தெனிசன் பெயரைச் சூட்டினார். இன்று வணிகர் அதனை 'மிசு கேரளா' என்று விற்கின்றனர். பொருநையாற்றில் மட்டுமே வாழும் ஒரு கெண்டைக்கு 1954-இல் வைத்த பெயரில் பொருநை இல்லை. வடமொழித் தாமிரபரணியே உள்ளது. 2012-இல் அக்கெண்டையைச் சேர்த்த புதிய பேரினத்திற்கோ ஆங்கில அறிவியலார் இரிச்சர்டு தாக்கின்சின் பெயர்! பெயரிட்டாரைக் குறைகூறிப் பயனென்ன? கேட்பாரற்ற பொருளுக்கு எவரும் பெயரிடுவர். 2003-இல் பொதிகை மலைச்சாரலில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமீன், கன்னிக்கட்டி என்னும் இடப்பெயரைத் தாங்கியுள்ளது. முயன்றால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

பெயரிடும் ஆற்றல் தமிழ் மீனவர்க்கு இல்லாமற் போகவில்லை. தரங்கம்பாடியில் 1791-இல் பனையின் பட்டை வெடிப்பில் ஒரு மீனைப் பிடித்ததாகத் தால்தோர்பு என்னும் தேனிய நாட்டுப் படையாள் எழுத, அது 1797-இல் இலண்டனில் அச்சேறி ஐரோப்பாவே வியந்தது. கிரேக்கத்தில் ஏறுவது என்று பொருள்படும் 'அனபாசு' என்னும் பெயரைப் பின்னர் அதற்குச் சூட்டினர். எழுத்தறியாத் தமிழ் மீனவனோ அதனைப் பனையேறிக் கெண்டை என்கிறான். கிரேக்கப் பெயரைவிட இது எவ்வகையில் தாழ்ந்தது?

'நாட்டுமீன் கறிக்கு ஆகும். காட்சிக்கு ஆகாது' என்பர் சிலர். கலங்கல் நீரிலும் விலைக்கூடையிலும் மட்டுமே அம்மீனைக் கண்டவர் கூற்று அது. தெளிநீரில் பத்துக் கெண்டைகள் ஒருசேரத் திரும்புகையில் தொட்டி முழுதும் ஒளி பாய்வதை அவர் கண்டதில்லை. அயிரை மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளிக்காட்டுவதையும், பனையேறிக் கெண்டை நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கிச் செல்வதையும் கண்டதில்லை. பொருநைக் கெண்டையின் முதிர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூலிழைகளாய் நீள்வதை அவர் அறியார், அயலார் அறிவர். 2005 முதல் 2012 வரை, அழிவை எதிர்நோக்கும் 30 வகை நன்னீர் மீன்கள் இந்தியாவினின்று 15 நூறாயிரத்துக்கு மேல் கப்பலும் வானூர்தியும் ஏறின. அவற்றுள் செங்கணியானும் அதன் உறவு மீனும் அடங்கும். அதனைப் பிடிப்பதற்குக் கேரள அரசு 2008-இல் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. உள்ளூரான் இகழ்ந்ததை வெளியூரான் அள்ளிச் சென்றான்!

போவது ஒருபுறமிருக்க, வந்தது யாது? 1952-இல் ஆப்பிரிக்கத் திலேப்பியா கொணரப்பட்டது. இன்று அது தமிழகத்துக் குளமெங்கும் பெருகிச் 'சிலேபிக் கெண்டை' என வழங்குகிறது. குளத்தையும் கொண்டது, கெண்டையின் பெயரையும் கொண்டது! ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-இல் நடுவணரசு தடை செய்தும் அது ஒழியவில்லை. தொட்டியின் பாசியைத் தின்னுமென்று வாங்கப்பட்ட தென்னமெரிக்கக் கவசமீன், வளர்ந்து பெருத்ததும் ஏரியில் வீசப்பட்டு, அங்கே இனம் பெருக்குகிறது. அயன்மோகம் கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. கால்வாய் வழியே குளத்தையும் கெடுக்கிறது.

ஆகலின், தொட்டி வைப்போர் நாட்டுமீனை வைக்க வேண்டும். நெறியோடு வைக்க வேண்டும். நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் உடைய தொட்டி ஏறத்தாழ 250 இலிட்டர் நீர் கொள்ளும். அடியில் ஆற்றுமணலும் கூழாங்கல்லும் இட்டு, நீரை ஓடவைத்து வடிகட்டும் பொறியை அமைத்தல் வேண்டும். கழிவு நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வேரூன்ற நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகும். அதற்கு முன் மீன்களை நிறைப்பது அவற்றைக் கொல்வதாகும். கிழமைதோறும் காற்பங்கு நீரை மாற்ற வேண்டும். பனையேறியும் குறவையும் தாவும், மூடி இன்றியமையாதது. விரால் சிறுமீனை விழுங்கிப் பெரிதாய் வளரும்; அது குளத்திற்கே உரியது. தமிழகச் சமவெளியில் நாட்டுமீனுக்கு நீரைச் சூடேற்றும் கருவி வேண்டியதில்லை. இந்நிலத்து வெம்மை இந்நிலத்து மீனுக்கு இயல்பு.

மீன் கொள்ளும் இடம் அறிந்து கொள்க. கோடையில் வற்றும் குளத்திலும் வாய்க்காற் குட்டையிலும் சாகக் கிடக்கும் கெண்டை, அயிரை, ஆரல் ஆகியவற்றில் சிலவற்றை எடுத்தால் ஒருவர்க்கும் இழப்பில்லை. காப்புக் காட்டு ஓடைகளில் கைவைத்தல் குற்றம். பொருநைக் கெண்டையும் செங்கணியானும் போல அருகிவரும் மீனை ஆற்றினின்று எடுப்பது, பற்றின் பெயரால் செய்யும் கொலை. தொட்டியில் வாழ்ந்த மீனை மீண்டும் ஆற்றில் விடலாகாது. தொட்டியின் நோய் ஆற்றுக்குச் செல்லும்.

இவை யாவினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. தொட்டியின்மேல் ஒவ்வொரு மீனின் பெயரும் தமிழில் எழுதப்பட வேண்டும். ஊர்தோறும் வலைவீசும் முதியோரை அணுகி, அவ்வூர் வழங்கும் மீன்பெயரையும், மீன் வாழும் இடத்தையும், முட்டையிடும் காலத்தையும் கேட்டு ஏட்டில் பதிக்க வேண்டும். அம்முதியோர் மறைந்தால் அப்பெயர்களும் மறையும். பெயர் மறைந்தபின் மீன் மறைந்தால், மறைந்தது எதுவென்று கேட்பதற்கும் தமிழனிடம் சொல் இராது!